நாடா ஓடும் நேரம்

தறிக்குடோனுக்குள் உட்கார்ந்து கால்பந்து பார்ப்பதில் ஒரு சௌகரியம் உண்டு. வர்ணனை காதில் விழாது. எங்கள் குடோனில் பதினாறு தறி. அத்தனையும் ஓடும்போது பக்கத்தில் நிற்கிறவர் கத்தினால்கூட வாயசைவை வைத்துத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும். போன் ஸ்பீக்கர் எந்த மூலைக்கு? 2023 செப்டம்பர் 7, வியாழக்கிழமை சாயங்காலம், தார்ப்பெட்டி மேல் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு அப்படித்தான் ஒரு ஆட்டம் பார்த்தேன். தாய்லாந்தின் சியாங் மாய் நகரில் கிங்ஸ் கோப்பை அரையிறுதி. இந்தியாவும் இராக்கும்.

17ஆம் நிமிடத்தில் மகேஷ் சிங் நமக்கு ஒரு கோல் போட்டார். இராக் பெனால்டியில் சமன் செய்தது. 51ஆம் நிமிடத்தில் இராக் கோல்கீப்பர் ஜலால் ஹசன் கையால் பந்து அவர்கள் வலைக்குள்ளேயே போய்விழ, மறுபடி நாம் முந்தினோம். 80ஆம் நிமிடம் வரை அதைக் கட்டிக் காப்பாற்றினோம். அப்போது இன்னொரு பெனால்டி. அய்மன் ஹுசைன் என்கிற நெட்டை மனிதர் வந்து பந்தை வைத்தார், அடித்தார், 2-2. டைபிரேக்கரில் 5-4 என்று இராக் இறுதிக்குப் போய்விட்டது.

வர்ணனையாளர் எப்போதும் பந்தைப் பற்றித்தான் பேசுவார். அவர் குரல் இல்லாவிட்டால் நம் கண் மெல்லப் பந்தை விட்டு விலகுகிறது. அன்றைக்கு என் கண் போய் நின்றது அய்மன் ஹுசைன் மேல். ஸ்ட்ரைக்கர் என்று சம்பளம் வாங்குகிற மனிதர், திரையில் தெரிந்த நேரமெல்லாம் மாடு மேய்க்கிறவர் மாதிரி நடந்துகொண்டிருந்தார். ரெண்டு எட்டு வைப்பார், நிற்பார், தோளுக்கு மேலே திரும்பிப் பார்ப்பார், மறுபடி ரெண்டு எட்டு. டீ குடிக்க வெளியே வந்தபோது எங்கள் பிட்டர் கேட்டார்: “அந்த நெட்டையாளு ஏனுங் சும்மாவே நடக்கறாரு? ஓடறதுக்குத்தானுங் காசு குடுக்கறாங்க?”

“ஓடறதுக்கு இல்லீங்க. எப்ப ஓடோணும்னு பாக்கறதுக்கு.”

அவருக்குச் சட்டென்று பிடிபட்டது. பிடிபடாமல் என்ன செய்யும்? முப்பது வருசமாக நாடாவுக்கு நேரம் வைத்துக் கொடுக்கிற கை அது.

தறி பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. பாவு நூலில் பாதி மேலே ஏறும், பாதி கீழே இறங்கும். நடுவில் ஒரு வாய் திறக்கும். அந்த வாய்க்குள் ஊடை நூலைச் சுமந்துகொண்டு நாடா இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் பாய வேண்டும். பாய்ந்து முடித்ததும் அச்சு வந்து அடித்து நூலைச் சேர்க்கும், வாய் மூடும், இடம் மாறும், மறுபடி திறக்கும். நாடா கொஞ்சம் பிந்தினால் மூடுகிற நூலுக்குள் மாட்டிக்கொள்ளும். நூற்றுக்கணக்கில் இழை அறும். ஒரு பொழுது முழுக்க உட்கார்ந்து ஒவ்வொன்றாய் முடிபோட வேண்டியதுதான். தடம் மாறினால் நாடா வெளியே பறக்கும். எங்கள் அப்பாருவின் இடது புருவத்தில் இருந்த தழும்பு அப்படி வந்ததுதான்.

சாதா விசைத்தறியில் அந்த வாய் நிமிடத்துக்கு நூற்றுச் சொச்சம் தடவை திறக்கிறது. ஸ்ட்ரைக்கருக்கு ஒரு ஆட்டம் முழுக்க மூன்று தடவை திறந்தால் அதிர்ஷ்டம்.

திறக்கிற அந்த வாய்க்குக் கால்பந்தில் காவல் நிற்பது ஆஃப்சைடு விதி. சக ஆட்டக்காரரின் காலிலிருந்து பந்து கிளம்புகிற அந்த நொடியில், எதிரணியின் கடைசிக்கு முந்தைய ஆளைத் தாண்டி நீ நிற்கக் கூடாது. சாதாரணமாகக் கடைசி ஆள் கோல்கீப்பர், அதற்கு முந்தையவர் ஒரு தடுப்பாட்டக்காரர். கிளம்பியபின் எவ்வளவு வேண்டுமானாலும் தாண்டலாம். பந்து உன்னிடம் வரும்போது நீ எங்கே இருக்கிறாய் என்பதை யாரும் கேட்பதில்லை. அது புறப்பட்டபோது எங்கே இருந்தாய் என்பதுதான் கணக்கு. இந்த ஒரு விதியால்தான் கோல் அடிப்பது கலையாகியிருக்கிறது. இல்லாவிட்டால் உயரமான நாலு பேரைக் கோல்கம்பத்துக்குப் பக்கத்தில் நிறுத்திவைத்துவிட்டு வேலையைப் பார்க்கலாம்.

எங்கள் பக்கம் கால்பந்துச் சீமை அல்ல. வெள்ளகோவிலில் வளர்ந்தவனுக்குக் கபடி தெரியும், வாலிபால் தெரியும், பொங்கல் சமயத்தில் ரேக்ளா தெரியும். கால்பந்து என்றால் தூத்தூர், இரவிபுத்தன்துறை மாதிரிக் குமரிக் கடற்கரை ஊர்கள், வடசென்னையில் வியாசர்பாடி, நீலகிரி. 1960 ரோம் ஒலிம்பிக்கில் இந்தியாவுக்கு ஆடிய சைமன் சுந்தரராஜ் தஞ்சாவூர்க்காரர். அவர் பயிற்சி கொடுத்துத்தான் 1973இல் கேரளம் முதன்முதலாகச் சந்தோஷ் கோப்பையை வாங்கியது என்பது கேரளத்தில் பலருக்குத் தெரியும், இங்கே சிலருக்குத் தெரியலாம். பிறகு ரொம்ப நாளைக்கு நம் பக்கத்திலிருந்து தேசிய அளவில் ஒரு கோல் வேட்டைக்காரர் பெயர் அடிபட்டது என்றால், அது ராமன் விஜயன். 1997-98 தேசிய கால்பந்து லீகில் எஃப்.சி. கொச்சினுக்காக ஆடி 10 கோல் போட்டு, அந்த சீசனின் அதிக கோல் அடித்தவர் என்று பெயரெடுத்தார்.

விஜயன் என்றதும் எல்லோருக்கும் இன்னொரு விஜயன்தான் நினைவுக்கு வருவார். அது ஐ.எம். விஜயன். திருச்சூர் மைதானத்தில் சோடா விற்ற பையன், ‘திமிரு’ படத்தில் வில்லன், ‘பிகில்’ படத்தில் தலைகாட்டியவர். 1999இல் பூட்டானுக்கு எதிராக ஆட்டம் தொடங்கி 12 நொடியில் கோல் போட்டவர். கலைமான் மாதிரிப் பாய்கிற அந்தக் கால்களைப் பார்த்து மயங்காதவர் இல்லை. ஆனால் ஐ.எம். விஜயனிடம் இருந்தது வித்தை. பந்து அவர் காலுக்கு வந்தபின்தான் அது தொடங்கும், கூட்டமும் அப்போதுதான் எழுந்து நிற்கும். வெறும் ஸ்ட்ரைக்கர் என்கிறவனின் வேலை பந்து வருவதற்கு முன்னாலேயே முக்கால்வாசி முடிந்துபோயிருக்கும். அதைப் பார்க்க யாரும் எழுந்து நிற்பதில்லை. எனக்கு ஆசை அந்த ரெண்டாவது சாதி மேல்.

ராமன் விஜயன் ஆட்டத்தை விட்டபின் பையன்களைச் சேர்த்துப் பயிற்சிப் பள்ளி நடத்தினார். காரைக்குடிப் பக்கம் கண்டனூரிலிருந்து வந்த ஒரு பையன் அங்கே கற்றுக்கொண்டான். பெயர் சிவசக்தி நாராயணன், 2001இல் பிறந்தவர். நான் மெனக்கெட்டு இந்தக் கட்டுரை எழுதுவதற்குக் காரணம் இந்த மனிதர்தான்.

சிவசக்தி உயரமானவர் இல்லை. தோளால் தள்ளி இடம் பிடிக்கிற உடம்பும் இல்லை. பெங்களூரு எஃப்.சி.யின் இளையோர் அணியில் இருந்தபோது, 2022இல் முதல்முறையாக நடந்த ரிலையன்ஸ் ஃபவுண்டேஷன் டெவலப்மென்ட் லீகில் அதிக கோல் அடித்தது இவர். அந்த வருசமே ஆகஸ்டில் டூரண்ட் கோப்பை வந்தது. 1888இல் சிம்லாவில் தொடங்கிய போட்டி, ஆசியாவிலேயே மூத்தது. பெரிய அணியில் நிற்கவைத்தார்கள். ஐந்து கோல்.

இறுதிப்போட்டி செப்டம்பர் 18, கொல்கத்தா சால்ட் லேக் மைதானம், எதிரணி மும்பை சிட்டி. ஞாயிற்றுக்கிழமை என்பதால் தறி நின்றிருந்தது, ஆனாலும் பழக்க தோஷத்தில் சத்தத்தை அணைத்துவிட்டுத்தான் பார்த்தேன். ஆட்டம் சூடு பிடிப்பதற்குள், பத்தாவது நிமிடத்தை ஒட்டி அந்த கோல் விழுந்தது. மும்பையின் பின்வரிசை ஒரு கணம் தடுமாறியது. தடுமாறியபின் ஓடியிருந்தால் அவர் இரண்டாவது ஆளாகத்தான் போய்ச் சேர்ந்திருப்பார். தடுமாறப்போகிறது என்று மோப்பம் பிடித்து முன்கூட்டியே காலெடுத்து வைத்தவர் மாதிரி இருந்தது அந்த ஓட்டம். கீப்பர் முன்னேறி வந்தார். அந்த இடத்தில் அனுபவம் குறைந்த பையன் என்ன செய்வான்? பலத்தையெல்லாம் திரட்டி உதைப்பான், பந்து கீப்பரின் நெஞ்சில் போய் மோதும். இவர் பந்துக்கு அடியில் பாதத்தை நுழைத்து, அடுப்பிலிருந்து தோசையை எடுக்கிற பக்குவத்தில் லேசாகத் தூக்கிவிட்டார். அது கீப்பரின் தலைக்கு மேலே போய், அவசரமே இல்லாமல் இறங்கியது. வலைக்குப் போய்ச் சேர அது எடுத்துக்கொண்ட நேரத்தில் நான் ஒரு வாய் காப்பி குடித்திருக்கலாம்.

பெங்களூரு 2-1 என்று ஜெயித்தது. பரிசளிப்பு மேடையில் போட்டோவுக்கு முண்டியடித்த தள்ளுமுள்ளுதான் மறுநாள் நாடெங்கும் வீடியோவாக ஓடியது. கண்டனூர்ப் பையன் போட்ட கோல் அந்த அளவுக்கு ஓடவில்லை. போகட்டும்.

அந்த சீசனில் பெங்களூருவின் பயிற்சியாளர் சைமன் கிரேசன் என்ற ஆங்கிலேயர். அவர் செய்த காரியம் லேசானதல்ல. சுனில் சேத்ரி அணியில் இருக்கிறார். இந்தியாவுக்காக அதிக கோல் அடித்த மனிதர், அந்த கிளப்பின் முகமே அவர்தான். அவரைப் பல ஆட்டங்களில் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு, ஃபிஜி நாட்டு ராய் கிருஷ்ணாவுக்குத் துணையாக இருபத்தொரு வயசுப் பையனை முதல் பதினொன்றில் இறக்கினார். அணி முதலில் தள்ளாடியது. பிறகு இந்தியன் சூப்பர் லீகின் (ஐ.எஸ்.எல்.) கடைசி எட்டு லீக் ஆட்டங்களையும் வரிசையாக ஜெயித்து மேலே வந்தது. அந்த வருசத்து ஐ.எஸ்.எல்.லின் வளரும் ஆட்டக்காரர் விருது சிவசக்திக்கே கிடைத்தது.

அந்தக் கூட்டணியில் ரசிக்க வேண்டியது ஒன்று உண்டு. ராய் கிருஷ்ணா பந்துக்காகக் கீழே இறங்கி வருவார். அவரோடு ஒட்டிக்கொண்டு ஒரு தடுப்பாட்டக்காரரும் இறங்குவார். அவர் விட்டுவிட்டு வந்த இடம் இருக்கிறதே, அதுதான் வாய். சிவசக்தி அங்கே நேராகப் போவதில்லை. நேராகப் போனால் கொடி தூக்குகிறவருக்கு வேலை மிச்சம். முதலில் தடுப்பு வரிசைக்கு இணையாக, குறுக்கே, ஒன்றும் நடவாதது போல நாலு எட்டு ஓடுவார். உடம்பு பக்கவாட்டில் இருக்கும், முகம் மட்டும் பந்து வைத்திருக்கிறவரைப் பார்க்கும். அவர் தலையைத் தூக்கிக் காலைப் பின்னுக்கு இழுக்கிறபோது, இவர் வளைவார். ரேக்ளா வண்டி கூட்டுரோட்டில் திரும்புகிற மாதிரி ஒரு வளைவு. தடுப்பாட்டக்காரர் நின்ற நிலையிலிருந்து திரும்பி ஓட வேண்டும், இவரோ ஏற்கெனவே வேகத்தில் இருக்கிறார். ஒரு கஜம் அதிலேயே கிடைத்துவிடுகிறது. அந்த ஒரு கஜத்தைத்தான் டி.வி.க்காரர்கள் வேகம் என்கிறார்கள். எனக்கு அது வேகமாகத் தெரியவில்லை, நாடா கிளம்புகிற நேரமாகத் தெரிகிறது.

இப்படிப்பட்ட ஓட்டத்தில் பத்துக்கு எட்டு வீண். பந்து வராது. பந்து வைத்திருப்பவர் பார்க்கவில்லை, பார்த்தாலும் கொடுக்கவில்லை, கொடுத்தாலும் நீளமாகப் போய்விட்டது. ஸ்ட்ரைக்கர் ஒன்றும் சொல்லாமல் நடந்து பழைய இடத்துக்கே வருவார். மறுபடி அதே ஓட்டம். சலித்துக்கொள்ளாமல் ஒன்பதாவது முறையும் முதல்முறை போலவே ஓடுகிறாரா என்று பாருங்கள். நல்ல ஸ்ட்ரைக்கரைக் கண்டுபிடிக்க எனக்குத் தெரிந்த ஒரே உரைகல் அது.

2023 மார்ச் 18, கோவாவின் ஃபடோர்டா மைதானத்தில் ஐ.எஸ்.எல். இறுதிப்போட்டி, ஏ.டி.கே. மோகன் பகானோடு. சிவசக்தி முதல் பதினொன்றில் இருந்தார். ஆட்டம் தொடங்கிச் சூடுகூட ஏறவில்லை, அடிபட்டு விழுந்தார். நாலாவது நிமிடத்தில் அவரை வெளியே அழைத்துப் போனார்கள். உள்ளே வந்தது சேத்ரி. ஒரு சீசன் முழுக்க யாருக்காக யார் பெஞ்சில் காத்திருந்தாரோ, அந்தக் கணக்கு நாலே நிமிடத்தில் தலைகீழானது. சேத்ரி முதல் பாதி முடிகிறபோது பெனால்டியில் ஒரு கோல் போட்டார். ராய் கிருஷ்ணா 78ஆம் நிமிடத்தில் இன்னொன்று. கடைசியில் 2-2, டைபிரேக்கரில் 4-3 என்று மோகன் பகான் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போனது. அந்த ஆட்டத்தைப் பற்றி எழுதியவர்கள் பெனால்டிகள் நியாயமா அநியாயமா என்று எழுதினார்கள். நான் நினைத்துக்கொண்டது, அந்த நாலு நிமிடத்துக்காக அந்தப் பையன் எத்தனை மாசம் அதே வளைவை ஓடிப் பார்த்திருப்பான் என்று.

சேத்ரியைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது, ஒன்றைத் தவிர. ஐந்தேமுக்கால் அடிகூட இல்லாத மனிதர் தலையால் இத்தனை கோல் எப்படிப் போட்டார் என்று யாரும் ஆற அமரச் சொல்லவில்லை. பந்து மேலே வரும்போது மற்றவர்கள் பந்தோடு எழுகிறார்கள். சேத்ரி கால் வீசம் நொடி முன்னதாகவே எழுந்துவிடுவார். அடுத்தவர் ஏறிக்கொண்டிருக்கும்போது அவர் உச்சியில் இருப்பார். உயரம் அவர்களுக்கு, முந்தின இடம் இவருக்கு. பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிக்கிற நம்ம ஊர்ச் சாமர்த்தியம்தான், ஆகாயத்தில்.

தலையால் போட்ட கோல்களில் என் மனசில் ஆணியடித்து நிற்பது சேத்ரியுடையதல்ல. அது ஒரு இராக்கியருடையது. 2007 ஜூலை 29, ஜகார்த்தாவின் கெலோரா புங் கர்னோ மைதானம், ஆசியக் கோப்பை இறுதி. இராக்குக்கு எதிரே சவூதி அரேபியா. இராக் கேப்டன் யூனிஸ் மஹ்மூத், கிர்குக் பகுதிக்காரர், அப்போது 24 வயசு.

அதற்கு நாலு நாள் முன்பு கோலாலம்பூரில் அரையிறுதியில் தென்கொரியாவை டைபிரேக்கரில் ஜெயித்திருந்தார்கள். பாக்தாத்தில் ஜனங்கள் தெருவில் இறங்கி ஆடினார்கள். அந்தக் கூட்டத்துக்குள் கார் குண்டுகள் வெடித்தன. சுமார் ஐம்பது பேர் செத்துப்போனார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாய், இவர்கள் கோப்பையோடு வருகிறவரை என் மகனை அடக்கம் செய்யமாட்டேன் என்று சொன்ன செய்தி ஆட்டக்காரர்களின் அறைக்கு வந்தது. அணியைக் கலைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடலாமா என்று யோசித்தவர்கள் இறுதியில் ஆட இறங்கினார்கள். சுன்னி, ஷியா, குர்து எல்லாம் கலந்த அணி. ஊரில் அந்த மூன்று பேரும் ஒரு தெருவில் நடக்கமுடியாத வருசம் அது.

இதெல்லாம் தெரிந்துகொண்டு பார்த்தால் அந்த கோல் பெரிசாகத் தெரியும் என்பது உண்மைதான். எதுவும் தெரியாமல், சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்த்தாலும் அது பெரிய கோல்தான் என்பது என் கட்சி. 72ஆம் நிமிடம். குர்து இனத்தவரான ஹவார் முல்லா முகமது வலப்பக்கத்திலிருந்து கார்னர் அடிக்கிறார். எல்லோரும் பந்து விழப்போகிற இடம் என்று நினைத்து முன்கம்பத்துப் பக்கமும் நடுவிலும் நெருக்கிக்கொண்டு எழுகிறார்கள். சவூதி கீப்பரும் கோட்டை விட்டு வெளியே வந்து கை நீட்டுகிறார். பந்து அத்தனை பேர் தலையையும் தாண்டிப் போகிறது. யூனிஸ் மஹ்மூத் அந்தக் கும்பலில் சேரவே இல்லை. பின்கம்பத்துப் பக்கம், யாரும் கண்டுகொள்ளாத மூலையில், கடைசி ஆளாக வந்து சேருகிறார். அவருக்கு எதிரே ஆளற்ற வலை. குதித்துத் தலையால் முட்டினார். 1-0. இராக் முதல் தடவையாக ஆசியக் கோப்பையை வாங்கியது. அந்தப் போட்டியின் சிறந்த ஆட்டக்காரரும் அவரே.

ஒற்றைக் கோலைக் கொண்டாடுவது இராக்குக்குப் புதிதல்ல. 1986 உலகக் கோப்பையில் அந்த நாடு மூன்று ஆட்டம் ஆடி, மூன்றிலும் தோற்றது. போட்ட ஒரே கோல் பெல்ஜியத்துக்கு எதிராக அஹ்மத் ராதி போட்டது. அந்த ஒரு கோலுக்காக முப்பத்துநாலு வருசம் அவரைக் கொண்டாடினார்கள். 2020 ஜூனில் கொரோனாவில் அவர் போய்ச் சேர்ந்தபோது பாக்தாத் அழுதது.

சரி, நம் அய்மன் ஹுசைனுக்கு வருவோம். நம்மைத் தோற்கடித்தவர் என்பதால் அவரை நான் தேடித்தேடிப் பார்க்க ஆரம்பித்தேன். 1996இல் பிறந்தவர், கிர்குக் பக்கம் ஹவீஜா வட்டாரம். அப்பா ராணுவத்தில் இருந்தவர், 2008இல் அல்-கொய்தாக்காரர்கள் அவரைக் கொன்றார்கள். அண்ணனை ஐ.எஸ். ஆட்கள் பிடித்துக்கொண்டு போனார்கள், திரும்பி வரவில்லை. குடும்பம் ஊரை விட்டுக் கிளம்பியது. இத்தனையும் முதுகில் சுமந்துகொண்டு ஒருவர் மைதானத்தில் நிதானமாக நடக்கிறார் என்றால், அந்த நடைக்கு நான் எழுந்து நின்று வணக்கம் வைப்பேன்.

2024 ஜனவரியில் கத்தாரில் நடந்த ஆசியக் கோப்பையில் அவர் நாலு ஆட்டத்தில் ஆறு கோல் போட்டார். ஜப்பானுக்கு எதிராக முதல் பாதியிலேயே இரண்டும் தலையால். இராக் 2-1 என்று ஜெயித்தது. அப்புறம் ஜோர்டானோடு நாக்-அவுட் ஆட்டம். முதல் கோலுக்கு ஜோர்டான் ஆட்டக்காரர்கள் தரையில் வட்டமாக உட்கார்ந்து சோறு அள்ளிச் சாப்பிடுகிற மாதிரி நடித்துக் கொண்டாடியிருந்தார்கள். 76ஆம் நிமிடத்தில் அய்மன் அடித்த கோல் இராக்கை 2-1 என்று முன்னே கொண்டுபோனது. அவர் ஓடிப்போய் புல்தரையில் உட்கார்ந்து, புல்லை எடுத்துச் சாப்பிடுகிற மாதிரி நடித்தார். ஏற்கெனவே ஒரு மஞ்சள் அட்டை வாங்கியிருந்தவர். நடுவர் இரண்டாவதை நீட்டினார். சிவப்பு. பத்துப் பேராய் நின்ற இராக், கடைசியில் சேர்த்த நிமிடங்களில் இரண்டு கோல் வாங்கி 3-2 என்று வெளியேறியது.

நடுவர் செய்தது கொடுமை என்பவர்கள் பலர். நானும் அன்றிரவு அதைத்தான் சொன்னேன். பிட்டரிடம் மறுநாள் இந்தக் கதையைச் சொன்னபோது அவர் நடுவரைத் திட்டவில்லை. “கோல் போட்டதுக்கப்பறம் அவருக்கு என்ன சோலிங், எந்திரிச்சு நடக்க வேண்டீதுதானுங்” என்றார். ஆட்டம் முழுக்க அரை நொடியை அளந்து அளந்து செலவழித்த மனிதர், ஒரே ஒரு தடவை சில நொடி கூடுதலாகத் தரையில் உட்கார்ந்துவிட்டார். தறிக்காரர்கள் இரக்கமில்லாதவர்கள்.

திருப்பூர் காதர்பேட்டையில் போன மாசம் பனியன் எடுக்கப் போயிருந்தேன். கடை வாசலில் கால்பந்து ஜெர்சிகளாகத் தொங்கின. நாடு நாடாக, நிறம் நிறமாக. ஒன்பதாம் நம்பர் இருக்கிறதா என்று கேட்டேன். ஸ்ட்ரைக்கரின் நம்பர் அதுதானே. கடைப் பையன் கொஞ்சம் யோசித்துவிட்டு உள்ளே போய்க் கட்டுக்கு அடியிலிருந்து ஒன்றை உருவிக்கொண்டு வந்தான். “ஏழும் பத்தும்தானுங்ணா ஓடும். ஒம்பதெல்லாம் அப்படியே கெடக்கும். கொறச்சுப் போட்டுக் குடுக்கறனுங்.” ரொனால்டோவும் மெஸ்ஸியும் இருக்கிற உலகத்தில் அதற்கு மேல் என்ன எதிர்பார்ப்பது? எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அதைப் போட்டுக்கொண்டு தறிக்கு எண்ணெய் விடும்போது பிட்டர் சிரிக்கிறார்.

இப்போதெல்லாம் வெள்ளகோவிலிலும் கால்பந்து நடக்கிறது. எங்கள் ஊர்ப் பையன்கள் ஆடுவதல்ல. மில்லுக்கும் தறிக்கும் வேலைக்கு வந்திருக்கிற வடக்கத்திப் பையன்கள், ஒரிசா, ஜார்க்கண்ட், அஸ்ஸாம் என்று பல பக்கத்துக்காரர்கள், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் முள்ளுக்காட்டைச் சுத்தம் செய்து நாலு செருப்பை வைத்துக் கோல் கட்டுகிறார்கள். ஒரு பக்கம் பனியன், ஒரு பக்கம் வெற்றுடம்பு, அதுதான் அணி பிரிக்கிற அடையாளம். நான் வரப்பில் உட்கார்ந்துகொள்வேன்.

அதில் ஒரு பையன். ஜார்க்கண்டு. ஸ்பின்னிங் மில்லில் நைட் ஷிப்ட். கண்ணில் தூக்கம் மிச்சமிருக்கும். பந்து அவனிடம் வந்தால் பெரிய வித்தை ஒன்றும் கிடையாது. ரெண்டு பேரைத் தாண்டச் சொன்னால் மூன்றாவது எட்டில் விழுந்துவிடுவான். ஆனால் பந்து எங்கோ அந்தக் கரையில் இருக்கும்போது அவனைப் பார்க்க வேண்டும். எதிர்ப் பையனின் முதுகுப் பக்கமாகப் போய் நிற்பான். அவன் திரும்பிப் பார்த்தால் இவன் செருப்பில்லாத காலால் மண்ணைக் கிளறிக்கொண்டு சும்மா நிற்கிற மாதிரி நிற்பான். அவன் மறுபடி பந்தைப் பார்க்கத் திரும்பியதும் இவன் குறுக்கே நாலு எட்டு. யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று ஒரு நாள் கேட்டேன். எனக்குத் தெரிந்த இந்தியும் அவனுக்குத் தெரிந்த தமிழும் சந்தித்துக்கொள்ளவில்லை. சிரித்தான்.

போன ஞாயிறு இருட்டுக் கட்டுகிற நேரம். அந்தக் கரையில் ஒரு பையன் பந்தை வைத்துக்கொண்டு தலையைத் தூக்கினான். இவன் ஏற்கெனவே குறுக்கே ஓடிக்கொண்டிருந்தான். காலைப் பின்னுக்கு இழுத்தான் அந்தப் பையன். இவன் வளைந்தான். அப்படி ஒரு வளைவு, எதிர்ப் பையன் நின்ற இடத்திலேயே சுற்றினான், கோல் காத்தவன் எந்தப் பக்கம் வருவதென்று தெரியாமல் ஒரு காலில் நின்றான். பந்து வரவில்லை. அந்தக் கரைப் பையன் பக்கத்திலிருந்தவனுக்குத் தட்டிவிட்டிருந்தான். இவன் செருப்புக் கோல் வரைக்கும் ஓடி, வேகம் அடங்கி, இடுப்பில் கை வைத்து ஒரு மூச்சு விட்டு, திரும்பி நடந்து வந்தான். வந்து அதே பையனின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான்.